கலியாண வீட்டுக்கு ஆகாத குரல்

கதிர்காமநாதன் ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில், பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். சூட்டோடு வருகிற பாண்களைத் தட்டிலிருந்து இறக்கிக் கூடையில் அடுக்க வேண்டும். இயந்திரங்கள் போடுகிற இரைச்சலில் அங்கே ஒருவரோடு ஒருவர் பேச ஏலாது. எல்லாம் கைச்சாடைதான். பிரித்தானியத் தொலைக்காட்சியில் பெயர் எடுத்த அறிவிப்பாளர் ஒருவர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது என்று நினைத்தால் அவருக்கே சிரிப்பு வரும்.

அந்தப் பெருமையை அவர் தொழிற்சாலையில் யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை. கூட வேலை செய்யும் போலந்துக்காரன் ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில், "பிபிசியிலா?" என்று கேட்டான்.

"அதுக்குக் கொஞ்சம் அங்காலை" என்றார் கதிர்காமநாதன்.

கொஞ்சமில்லை, நிறையவே அங்காலை. வட லண்டனில் ஒரு ரயர் கடைக்கு மேல்மாடி. பெயர் அலைமுரசு தொலைக்காட்சி. கீழே ரயருக்குக் காற்றடித்தால் மேலே செய்தி வாசிப்பவரின் மேசை நடுங்கும்.

ஆள் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். படிப்பு அவரை விட்டது என்று சொன்னால் இன்னும் பொருந்தும். ஆனால் குரலை மட்டும் கடவுள் யாரோ பெரிய படிப்புப் படித்த மனிதனுக்கு வைத்திருந்து, ஆள் மாறி இவருக்குக் கொடுத்துவிட்டார். அகதியாக ஜேர்மனிக்கு வந்து, பிற்சாக் கடைக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலத்திலேயே, தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியென்றால் ஒலிவாங்கி அவர் கையில்தான். ஓட்டப்போட்டிக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற கூப்பாட்டிலேயே தாய்மாருக்கு மயிர்க்கூச்செறியும். அப்படித்தான் அவர் நம்பினார். மனைவி ரஞ்சினி, "அது குளிருக்கப்பா" என்பாள்.

ஜேர்மன் பாஸ்போர்ட் கிடைத்ததும் பாதிச் சனம் லண்டனுக்குக் கிளம்பிய காலம் ஒன்று இருந்தது. அலைமுரசில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவரும் கிளம்பினார். ரஞ்சினிக்கு வயோதிபர் இல்லமொன்றில் நிரந்தர வேலை. மகள் மிதுசா முதலாம் வகுப்பு.

"நீங்கள் போய்ப் பாருங்கோ. சரிவந்தால் நாங்களும் வாறம்" என்றாள் ரஞ்சினி.

சரிவரவில்லை என்று அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சரிவந்துவிட்டது என்று சொல்லத் துணிவும் வரவில்லை. மாதத்துக்கு ஒருமுறை மலிவு விமானத்தில் வந்து போனபடியே பிள்ளை வளர்ந்துவிட்டது.

அவர் போனது பாட்டு நிகழ்ச்சி செய்ய. நேயர்கள் தொலைபேசியில் பாட்டுக் கேட்பார்கள், இவர் நாலு பகிடி விட்டுப் பாட்டைப் போடுவார், பெட்டையள் கடிதம் எழுதுவார்கள். இந்த யோசனையில் பூப்போட்ட சேட்டுகள் வாங்கி மடித்துக் கொண்டு போயிருந்தார். போய்ச் சேர்ந்த கிழமையே முதலாளி அவசரமாக வந்தார்.

"அண்ணை, இண்டைக்கு மட்டும் மரண அறிவித்தலை ஒருக்கா வாசிச்சு விடுங்கோ. வாசிக்கிற பொடியனுக்குக் காய்ச்சல்."

பூப்போட்ட சேட்டோடு செத்த வீட்டுச் செய்தி வாசிக்க ஏலாது. நிலையத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கறுப்புக் கோட்டும் ஒரு ரையும் இருந்தன. சோதிடம் சொல்பவர் கட்டி அவிழ்த்த ரை. அதில் சந்தனம் ஒட்டியிருந்தது. அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மெதுவாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், கனடாவை வதிவிடமாகவும் கொண்ட…" என்று தொடங்கி, அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு தந்தையும், நோர்வேயில் இருக்கும் இன்னாரின் மைத்துனரும் என்று ஒவ்வொரு நாடாகப் போய், "இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" என்று முடித்தார். நாடு நாடாகச் சிதறிக் கிடக்கிற சனத்துக்கு ஒரு சாவை ஒரே நேரத்தில் சொல்ல அது ஒன்றுதான் வழி. யாருடைய பெயரும் விடுபடக்கூடாது. விடுபட்டால் அந்தச் சொந்தம் அதோடு முறியும்.

வாசித்து முடிக்க முதலே தொலைபேசி அடித்தது. "ஆர் அந்த வாசிச்சவர்? எங்கட அப்பா செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவு வருகுது, அதுக்கும் அவரே வாசிக்கட்டும்."

காய்ச்சல்காரப் பொடியன் சுகமாகி வந்தபோது அவனுக்கு வேலை இல்லை. இவருக்குப் பாட்டு நிகழ்ச்சியும் இல்லை. பூப்போட்ட சேட்டுகள் பெட்டியிலேயே கிடந்தன. வயிறு வளர்ந்து, பிறகு அவை அளவில்லாமலும் போயின. "இண்டைக்கு மட்டும்" என்பது அந்த நிலையம் இழுத்து மூடும்வரைக்கும் நீண்டது.

புகழ் வந்தது. அது எந்த மாதிரிப் புகழ் என்றால், லண்டனில் ஒரு சேலைக் கடையில் ரஞ்சினிக்குச் சேலை எடுக்கப் போய், "தங்கச்சி, இது என்ன விலை?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். கனடாவில் இருக்கும் மச்சாளுக்குத் தைப்பொங்கல் வாழ்த்துச் சொல்லத் தொலைபேசி எடுத்தால், "ஐயோ, ஆர் அத்தான்?" என்பாள். "ஒருத்தருமில்லை பிள்ளை, பொங்கல்" என்று சொல்லி நம்பவைக்கவே பாதி நேரம் போகும். ஜேர்மனியில் மிதுசா பள்ளிக்கூடத்தில், அப்பா என்ன வேலை என்று கேட்டதற்கு, "ரீவியிலை வந்து ஆர் ஆர் செத்தவை எண்டு சொல்லுறவர்" என்று சொல்லி, ரை கட்டிய மனிதனையும் பக்கத்தில் எரிகிற விளக்கையும் படமாகவும் கீறிக் காட்டிவிட்டாள். ஆசிரியை பயந்து ரஞ்சினிக்கு டெர்மின் போட்டு, நேரம் குறித்துக் கூப்பிட்டாள். பிள்ளைக்கு வீட்டில் ஏதும் மனத்தாக்கமோ என்று விசாரணை.

நிலையம் மூடியதும் கதிர்காமநாதன் கெல்சென்கிர்ச்சனுக்குத் திரும்பினார். பாண் வேலைக்குப் போனாலும், சனி ஞாயிறுகளில் கலியாணம், பூப்புனித நீராட்டு, பிறந்தநாள் என்று மேடை அறிவிப்புச் செய்யலாம் என்று திட்டம். லண்டன் ரீவிக்காரன் என்றால் சனம் முண்டியடிக்காதா?

முதல் அழைப்பு டோர்ட்முண்டில் ஒரு கடைக்காரரின் அறுபதாவது பிறந்தநாள். மண்டபம் நிறையச் சனம். வெளிச்சம் எல்லாம் மின்னுகிறது. கடைக்காரர் பட்டு வேட்டியோடு மேடைப் படியில் நிற்கிறார். கதிர்காமநாதன் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். மனதில் இருந்தது என்னவோ குதூகலமான வரவேற்புத்தான். ஆனால் வாய்க்குப் பழக்கப்பட்ட பாதை ஒன்று இருக்கிறதே.

"யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், டோர்ட்முண்டை வதிவிடமாகவும் கொண்ட…"

அவ்வளவுதான். மண்டபத்தில் பாதிப்பேர் கதிரையை விட்டு எழுந்து, தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களும் வேண்டுமென்று செய்யவில்லை. அந்தக் குரலுக்கு அவர்களுடைய கால்கள் அப்படிப் பழகிவிட்டன. படியில் நின்ற கடைக்காரர் தன்னுடைய அஞ்சலியைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார். கதிர்காமநாதன் சமாளிக்கப் பார்த்தார். சமாளிப்பில் வந்த அடுத்த சொல் "அன்னார்".

அதோடு ஒருவரும் கூப்பிடவில்லை. ஒன்றிரண்டு செத்த வீடுகளில் கேட்டார்கள். அதற்கு இவர் போகவில்லை. கௌரவம்.

மிதுசாவுக்குக் கலியாணம் பேசி முடிவானது இதற்குப் பிறகுதான். பேசி என்பது சும்மா வாய்க்கு. பிள்ளைகள் தாங்களே பேசி முடித்துவிட்டுத்தான் பெரியவர்களைப் பேசக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை சேயோன் ஹம்பேர்க்கில் பொறியியலாளன். தகப்பன் இல்லை. தாய் மகாதேவி விமான நிலையத்துச் சமையல்கூடத்தில் வேலை செய்து பெடியனைப் படிப்பித்தவள்.

கலியாணச் செலவு, மண்டபம், சாப்பாடு எதைப்பற்றியும் கதிர்காமநாதன் வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். வரவேற்பில் மணமக்களை மேடைக்கு அழைக்கிற அறிவிப்பைத் தான் செய்ய வேண்டும். ஊர் உலகத்துப் பிணங்களுக்கெல்லாம் குரல் கொடுத்தவன், சொந்தப் பிள்ளையை ஒருக்காலாவது நல்ல காரியத்துக்குக் கூப்பிட வேண்டாமா? அந்தப் பிள்ளை வளர்ந்தபோது பக்கத்தில் நின்றதுமில்லை.

மிதுசா தயங்கவேயில்லை. "நீங்கள் கூப்பிடாட்டில் வேறை ஆரப்பா என்னைக் கூப்பிடுறது?" என்றாள்.

அடுத்த நாள் சேயோன் தொலைபேசி எடுத்தான். பாவம், நல்ல பெடியன். சுற்றி வளைக்கத் தெரியாது.

"மாமா, குறை நினையாதேங்கோ. அம்மா சொல்லுறா, நீங்கள் மைக் பிடிக்க வேண்டாமாம்."

"ஏனாம்?"

"அது... உங்கட குரல்."

"என்ர குரலுக்கு என்ன?"

"நல்ல குரல் மாமா" என்றான் சேயோன்.

கதிர்காமநாதனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சகுனம் பார்க்கிறாளாம். இந்தக் காலத்திலும், அதுவும் ஜேர்மனியில். நேரில் போய்க் கதைத்துச் சரிக்கட்டுவது என்று முடிவெடுத்தார்.

"போய் என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டாள் ரஞ்சினி.

"சந்தோசமாக் கதைச்சுக் காட்டப்போறன்."

"உங்களுக்கு அது வருமே?"

கிழமை முழுக்கக் குளியலறையில் பயிற்சி நடந்தது. குரலை மேலே தூக்கி, வாயை விரித்துச் சிரித்தபடி, "வருக, வருக" என்று சொல்லிப் பார்த்தார். மேல் வீட்டுத் துருக்கிக்காரி ஒருநாள் படியில் மறித்து, உடம்புக்கு ஏதும் சுகமில்லையா என்று விசாரித்தாள்.

சனிக்கிழமை ஹம்பேர்க்குக்கு ரயில் ஏறினார். ரயில் வழக்கம்போலப் பிந்தியது. பெரிய ஸ்டேசனுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் பயத்தம் பணியாரமும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு, எஸ்-பான் என்கிற நகர ரயில் பிடித்து மகாதேவியின் வீட்டுக்குப் போனார்.

மகாதேவி தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். மெலிந்த, நிமிர்ந்த மனுசி. கதிர்காமநாதன் ஒரு வாய் குடித்ததும் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, ஒருக்காக் கேட்டுப்பாருங்கோ. பிறகு சொல்லுங்கோ." எழுந்து நின்று, பயிற்சி செய்த சிரிப்பைப் பூட்டிக்கொண்டு தொடங்கினார். "இதோ, அழகே உருவான மணமகள் மிதுசாவும், அன்பே உருவான..."

"இருங்கோ அண்ணை" என்றாள் மகாதேவி. குரலில் கோபமில்லை. "நான் சகுனம் பாக்கிறனெண்டு நினைக்கிறியள், என்ன?"

"இல்லை..." என்று இழுத்தார். வாய் இல்லை என்றாலும் முகம் ஓம் என்றிருக்க வேண்டும்.

அவள் சுவரைக் காட்டினாள். மாலை போட்ட படம். மீசை வைத்த மனிதர். "இவர் விஜயரத்தினம். வேலைக்குப் போன இடத்திலை விழுந்து போட்டார். ஆஸ்பத்திரியிலை டொக்டர் ஜேர்மனிலை சொன்னார். நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வந்தன். சேயோனுக்குச் சாப்பாடு குடுத்தன். வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊத்தினன். அழேல்லை. இவளுக்கென்ன, கல்லோ எண்டு பாத்துதுகள் சனம். இந்தா, இந்தக் கதிரையிலைதான் இருந்தனான். ஆரோ ரீவியைப் போட்டினம். நீங்கள் வந்தியள்."

கதிர்காமநாதன் மெல்ல உட்கார்ந்தார்.

"ஹம்பேர்க்கை வதிவிடமாகவும் கொண்ட விஜயரத்தினம் எண்டியள். மகாதேவியின் அன்புக் கணவரும் எண்டியள். என்ர பேரை அப்பிடி ஒருத்தரும் சொன்னதில்லை. அப்பத்தான் அண்ணை எனக்கு விளங்கினது, அவர் இல்லையெண்டு. அதுக்குப் பிறகு உங்கட குரல் கேட்டால் நான் திரும்ப இந்தக் கதிரையிலைதான் இருக்கிறன்."

கதிர்காமநாதன் படத்தைத் திரும்பப் பார்த்தார். அந்த முகத்தை ஞாபகத்தில் தேடிப் பார்த்தார். வரவில்லை. எத்தனை முகங்கள். வாசித்து முடித்ததும் கீழே இறங்கிப் போய் ஒரு ரோல்ஸ் சாப்பிடுவது வழக்கம். அன்றைக்கும் சாப்பிட்டிருப்பார்.

"நான் பிழையா ஏதும் வாசிச்சனானோ?" என்று கேட்டார்.

"இல்லை. நல்லா வாசிச்சனீங்கள்" என்றாள் மகாதேவி. "அதுதான் பிரச்சினை."

கெல்சென்கிர்ச்சனுக்குத் திரும்பும்போது ரயிலில் அவருக்குத் தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது. குளியலறையில் சிரித்துப் பழகிக்கொண்டு போயிருக்கிறான் விசரன். அதுவும் அந்தக் கதிரைக்கு எதிரே நின்று, அன்பே உருவான மணமகன் என்று சொல்லிக்காட்டியிருக்கிறான்.

வீட்டில், "வேண்டாம், வேறை ஆளைப் பிடியுங்கோ" என்று மட்டும் சொன்னார். மிதுசா ஏதோ சொல்ல வாய் திறந்தாள். ரஞ்சினி கண்ணைக் காட்டி நிறுத்தினாள். எஸ்ஸனிலிருந்து வசந்த்குமார் என்ற பெடியனைப் பிடித்தார்கள். தமிழ், ஜேர்மன், இங்கிலீஷ் மூன்றும் ஒரே மூச்சில் பேசுவான். மின்னுகிற சப்பாத்து.

கலியாணம் துருக்கிக்காரர் ஒருவரின் மண்டபத்தில். கதிர்காமநாதன் காலையிலிருந்தே வாயைக் கட்டிக்கொண்டார். வந்தவர்களைக் கைகூப்பி வரவேற்றார். "என்ன அண்ணை, தொண்டையோ?" என்று கேட்டவர்களுக்கு ஓம் என்று தலையாட்டினார். ஆளைக் கண்டதும் ஒலிவாங்கியை எதிர்பார்த்த இரண்டொரு பேர், இல்லையென்று அறிந்து ஆறுதலாகச் சாய்ந்து உட்கார்ந்ததையும் கவனித்தார்.

எல்லாம் சரியாகத்தான் யோசித்திருந்தார்கள். ஒன்றை மட்டும் இரண்டு பகுதியிலும் ஒருவரும் யோசிக்கவில்லை. கன்னிகாதானம்.

பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுக்கும்போது, இன்னாரின் பூட்டப்பிள்ளை, இன்னாரின் பேரன், இன்னாரின் மகன் என்று இரண்டு பகுதியிலும் மூன்று தலைமுறையின் பெயர்களை ஐயர் சொல்வார். பெண்ணின் தகப்பன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று தரம். அதற்கு எஸ்ஸனிலிருந்து ஆள் பிடிக்க ஏலாது. போதாததற்கு, வீடியோக்காரன் ஐயருக்கும் இவருக்கும் நடுவில் ஒலிவாங்கியை நட்டு வைத்திருந்தான்.

மகாதேவி முன்வரிசையில் இருந்தாள். புருசன் இல்லாதபடியால் மணவறையில் தாய் தகப்பன் இடத்தில் அவளுடைய அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். ஐயர் தொடங்கினார். கதிர்காமநாதன் குரலை ஒடுக்கி, மூக்கால், கொசு மாதிரி முனகினார்.

ஐயர் நிறுத்தினார். "கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கோ."

இன்னும் கொஞ்சம் மூக்கால் வந்தது. பிள்ளைகளின் பக்கமிருந்து சிரிப்புக் கேட்டது.

"ரீவியிலை அப்பிடிக் கதைச்ச ஆள், சொந்தப் பிள்ளையைக் குடுக்கேக்கை வாயுக்குள்ளை வைச்சிருக்கிறியள்" என்றார் ஐயர். ஒலிவாங்கி அதையும் மண்டபம் முழுக்கச் சொன்னது.

கதிர்காமநாதன் நிமிர்ந்து மகாதேவியைப் பார்த்தார். அவள் பயந்துபோய்த்தான் இருந்தாள். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். அடுத்தது மாப்பிள்ளையின் தகப்பன் பெயர் என்று இருவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாடியைத் தாழ்த்தித் தலையை மெல்ல அசைத்தாள். சொல்லுங்கோ என்கிற மாதிரி.

சொன்னார். ஒளிக்காமல், மூக்கால் இல்லாமல், தன்னுடைய குரலிலேயே சொன்னார். விஜயரத்தினத்தின் மகனாகிய சேயோனுக்கு, கதிர்காமநாதனின் மகளாகிய மிதுசாவை. மூன்று தரம். மூன்றாம் தரம் சொல்லும்போது அவருடைய குரல்தான் உடைந்தது. எத்தனையோ ஆயிரம் பேரை உடையாமல் வழியனுப்பிய குரல், மகளின் கை கையிலிருந்து போகும்போது கோழிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டுப் போயிற்று. ரஞ்சினி தண்ணீர் வார்க்க மறந்து அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தாலி கட்டி, அட்சதை போட்டு, சனம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தபோது மகாதேவி அவரிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்ன, தங்கச்சி... திரும்பவும் அந்தக் கதிரையோ?" என்று கேட்டார்.

"ஓம். முதல்தரம் அங்கைதான் போய் இருந்தன்" என்றாள். "மூண்டாந்தரம் இஞ்சைதான் இருந்தன்." மணவறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "பின்னேரம் பிள்ளையளை நீங்களே கூப்பிடுங்கோ, சம்மந்தி. ஆனால் ரெண்டு நிமிசம்தான்" என்றாள்.

வரவேற்பில் வசந்த்குமார் மரியாதையாக ஒலிவாங்கியை நீட்டினான். கதிர்காமநாதன் வாங்கினார். இரண்டு நிமிசம் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். ஆனால் மிதுசா பிறந்த ஆஸ்பத்திரியில் தொடங்கிவிட்டார். அவள் நடை பழகியது, பல் விழுந்தது, முதல் சைக்கிளோடு விழுந்தது, அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்தது. பாதிக்கு மேல் அவர் லண்டனில் இருந்தபோது நடந்தவை. நேரில் கண்டதுபோலவே சொன்னார். பிழையான இடங்களில் மிதுசா வாசலில் நின்றபடியே, "அது சைக்கிள் இல்லையப்பா, காலாலை உந்துற ரோலர்" என்று திருத்தினாள். திருத்தங்களுக்கும் விளக்கம் சொன்னார். பூப்போட்ட சேட்டுக்காரனுக்கு இத்தனை வருடங்களுக்குப் பிறகு ஒரு நிகழ்ச்சி கிடைத்திருக்கிறது, விடுவானா? சனம் முதலில் சிரித்தது, பிறகு கைதட்டியது, பிறகு நேரம் பார்த்தது. கொத்துரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை, பொம்பிளை இரண்டு பேரும் வாசலில் ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றார்கள். வசந்த்குமார் பாட்டை மெல்ல ஏற்றிப் பார்த்தான். பாட்டுக்கு மேலால் பேசினார். ரஞ்சினி கையைக் காட்டினாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

கடைசியில் மகாதேவிதான் எழுந்து மேடைக்கு வந்து ஒலிவாங்கியை வாங்கினாள்.

"செத்த வீட்டுச் செய்தியெண்டால் எவ்வளவு சுருக்கமா முடிப்பியள் சம்மந்தி" என்றாள் மண்டபம் முழுக்கக் கேட்க. "பிள்ளையள் உள்ளுக்கு வரட்டும். நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ."

அவர் போய்ச் சாப்பிட்டார். ஆறின கொத்துத்தான். பக்கத்து மேசைக்காரர் ஒருவர், பேச்சில் வந்த அந்தச் சைக்கிள் விழுந்தது வலப்பக்கமா இடப்பக்கமா என்று கேட்டார். கதிர்காமநாதன் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.